வயிற்றுக்கு நேரே ஒரு துளை

தாலுகா ஆபீஸின் புதுக் கட்டடத்தில் மனு வாங்கும் இடத்தை ஆளுயரக் கண்ணாடியால் அடைத்திருந்தார்கள். பேசுவதற்கான துளை, உள்ளே உட்கார்ந்திருக்கும் எழுத்தரின் வாய்க்கு நேரே இருந்தது. வெளியே நிற்பவர்களுக்கு அது வயிற்றுக்கு நேரே. மூன்று வாரமாக அதில் குனிந்து குனிந்து கெஞ்சிய செங்கமலம் அன்றைக்குக் குனியவில்லை.

“குனிஞ்சு பேசும்மா, ஒண்ணும் கேக்கல” என்றார் எழுத்தர்.

“என் நெலத்த எவனோ ஒருத்தன் பேருக்கு எழுதிப்புட்டு, நான் குனியணுமா? எந்திரிச்சு நின்னு கேளுய்யா!”

அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. எழுத்தர் வெடுக்கென்று எழுந்தார். செங்கமலம் அதன் பிறகு கத்தவில்லை. நடந்ததை முதலிலிருந்து நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். உதடு அசைவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் துளைக்குக் காதைக் கொடுத்துக் குனிந்தார்.