மைனாவின் முதல் ஹிட்

பூங்காவின் துருப்பிடித்த இரும்புக் கதவு அசையும்போதெல்லாம் கிறீச்சிடும். அதில் ஒரு மெட்டு இருந்தது. பக்கத்து மரத்து மைனா அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, வார்த்தை சேர்த்துப் பாடினாள். முதல் பாட்டே ஹிட். பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. வருடக் கடைசியில் அதே பூங்காவில் விருது விழா.

"மெட்டு யாரோடது?" என்று மேடையில் கிளி கேட்டது.

"என்னோடதுதான்" என்றாள் மைனா.

அந்நேரம் காற்றடித்தது. கதவு அதே மெட்டில் கிறீச்சிட்டது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றது கதவு. "மைனாப் பாப்பா பாட்டைத் தினமும் கேக்கறேனா, எனக்கும் ஒட்டிக்கிச்சு."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

விழா முடிந்ததும் வழியனுப்ப எல்லோரும் கதவருகே காத்திருந்தார்கள். மைனா விருதைத் தூக்கிக்கொண்டு பின்சுவரைத் தாண்டிப் பறந்துவிட்டாள்.