காலண்டருக்குப் போன படம்

"அந்தப் படத்தைக் காலண்டர்ல போடாதீக தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாரிக்கண்ணனுக்குக் கண் எரிந்தது. ஆவணி முகூர்த்தம். விடிய விடிய ஒரு கல்யாண வீட்டில் நின்றுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கினால், வாசலில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் தூக்குவாளியோடு நிற்கிறாள்.

"நீங்க யாருக்கா? எந்தப் படம்?"

"எம்பேரு சோலையம்மாள். காலண்டர் கம்பெனில தாளைச் சேத்துத் தகரம் அடிக்கிற வேலை பாக்கேன். நேத்து மொதலாளி மேசையில மாதிரித் தாளு விரிச்சுக் கெடந்துச்சு. சாத்தூர் ரோட்டு முக்குல பொம்பளைப் பிள்ளைக வேன்ல ஏறுற படம். கீழ உங்க ஸ்டூடியோ பேரு இருந்துச்சு."

மாரிக்கண்ணன் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஊரைச் சிரிக்கச் சொல்லி எடுத்தே அலுத்துப்போனவன் அவன். வேலை இல்லாத காலைகளில் கேமராவோடு தெருவுக்குப் போய்விடுவான். அங்கே யாரையும் நிற்கச் சொல்ல மாட்டான், சிரிக்கச் சொல்ல மாட்டான். டீக்கடைச் சண்டை, பஸ்ஸில் தூங்கி வழிகிறவர், வேனுக்கு ஓடுகிற பிள்ளைகள், எதை எடுத்தாலும் அதில் ஒரு கதை இருக்கிறது என்பான். அந்தக் கதைகளை வாங்கத்தான் நாட்டில் ஆளில்லை. "பிரயோசனம் இல்லாத படம்" என்று அவன் மனைவியே சொல்லிவிட்டாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் ஒரு காலண்டர் முதலாளி அந்தப் படத்தைக் கேட்டார். சாமி படமும் பாப்பா படமும் போட்டுப் போட்டுச் சலித்துவிட்டதாம். இன்றைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் பிளேட் போடுகிறார்கள். வருசம் பிறந்தால் ஜில்லாவில் பாதி வீட்டுச் சுவரில் அவன் படம் தொங்கும்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சுக்கா. இப்ப வந்து நிப்பாட்டச் சொன்னா நான் என்ன செய்ய?"

"எம்மக அதுல இருக்கா தம்பி."

"இருந்தா நல்லதுதானக்கா? ஊரே பாக்கும்ல?"

"போன வருசம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடிச்சுச்சே..."

மாரிக்கண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அந்தப் படத்தை எடுத்தது அதே நாள் காலையில்தான். அந்த வேன் சாயங்காலம் பாதி ஆட்களோடுதான் திரும்பி வந்தது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் படத்தை வெளியே காட்டாமல் வைத்திருந்தான். முதலாளி கேட்டதும் ஆசை ஜெயித்துவிட்டது.

"எம்மக வேலை பாக்குற ரூமுல ஒரு பிள்ளைகூட மிஞ்சலை. யாரு எவருன்னு அடையாளமும் தெரியலை. ஆளுக்கொரு மூட்டையாக் கட்டித்தான் குடுத்தாக. எம்மக இசைவாணின்னு வாங்கியாந்து பொதைச்சோம்."

சோலையம்மாள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரலாக இருந்தது அது.

"நான் கொண்டு போகாட்டியும் இந்தக் காலண்டரு எங்க ஊருக்கு வந்திரும். மளிகைக் கடையில தொங்கும், டீக்கடையில தொங்கும். அவ அய்யா பாக்கக் கூடாது தம்பி. அவ அண்ணன்காரன் பாக்கக் கூடாது."

"ஆமாக்கா. பெத்தவரு தாங்க மாட்டாரு."

"தாங்க மாட்டாரு" என்றாள் அவளும்.

மாரிக்கண்ணன் பெருமூச்சு விட்டான். தினமும் தேதி கிழிக்கப் போகும்போதெல்லாம் செத்துப்போன பிள்ளை முகத்தைப் பார் என்றால் எந்தத் தகப்பன்தான் பார்ப்பான்? அவன் மனசு கேட்கவில்லை. எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டான். படம் திரையில் வந்தது. வேன் ஜன்னல் நிறையப் பெண் பிள்ளைகள், ஒருத்தி சடையை இன்னொருத்தி இழுக்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள்.

"மொத்தமா நிப்பாட்ட முடியாதுக்கா, ஆர்டர் எடுத்துட்டாக. வேன் இருக்கிற பக்கத்தை வெட்டிட்டு வேற சிடி போட்டு, மத்தியானத்துக்குள்ள நானே கொண்டுபோய்க் குடுத்திருதேன்."

சொல்லிவிட்டானே தவிர, வெட்டக் கை வரவில்லை. வேனை வெட்டினால் அந்தப் படத்தில் வெறும் ரோடுதான் மிஞ்சும்.

"வேன் இருக்கட்டும் தம்பி. அந்தப் பிள்ளைகளை அவுகவுக ஆத்தாமாரு பாத்துக்கிடட்டும். நீங்க இந்தப் பக்கத்தை வெட்டுங்க."

அவள் விரல் படத்தின் மறு மூலைக்குப் போனது. ரோட்டுக்கு எதிர்ப்புறம், எடுத்தவனே சரியாகப் பார்க்காத மூலை.

"இங்கனயா? இங்கன டவுன் பஸ்ஸு நிக்குது. வேற என்ன இருக்கு?"

"டவுன் பஸ்ஸு இல்ல. பெருசாக்கிக் காட்டுங்க."

பெரிதாக்கினான். பஸ்ஸின் போர்டில் திருப்பூர் என்று இருந்தது. சுடிதார் போட்ட ஒரு பெண் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய பையையும் தூக்குவாளியையும் பிடித்தபடி ஒரு பையன் நின்றான்.

சோலையம்மாள் அந்த முகத்தைத் தடவினாள். இப்போதுதான் அவள் கண் நிறைந்தது.

"அக்கா... அப்ப உங்க மக உசுரோட இருக்காளா! இதை வீட்டுல சொல்ல வேணாமா?"

"நாங்க பொதைச்சது யாரு பெத்த பிள்ளையோ தம்பி" என்றாள் அவள். "அந்தப் பையன் வேற சாதி. இது மட்டும் அவ அய்யா கண்ணுல பட்டுச்சு, இந்தத் தடவை எம்மகளையே பொதைச்சிருவாரு."