இடுப்பளவுத் தண்ணி

லைஃப் ஜாக்கெட்டின் வாரை லாரன்ஸ் இழுத்த இழுப்பில் ஆக்னஸுக்கு மூச்சு முட்டியது.

"அய்யோ, மெதுவாங்க! ஆளைக் கொல்லப் பாக்கறீங்களா?"

"நீ பாட்டுக்கு விழுந்து தொலைச்சின்னா, கருவேப்பிலங்குறிச்சியில உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று இன்னொரு முடிச்சும் போட்டான்.

படகுக்காரர் சிரித்தார். "பயப்படாதீங்க சார். பிச்சாவரத்துல இந்தப் பக்கமெல்லாம் இடுப்பளவுத் தண்ணிதான். அக்கா நெனச்சாலும் முங்க முடியாது."

ஆக்னஸ் பூரித்துப் போனாள். இப்படித் தாங்குகிறவன் கிடைக்க வேண்டுமே! விருத்தாசலத்தில் ஒரே செராமிக் கம்பெனியில்தான் இரண்டு பேருக்கும் வேலை. அவள் கப்புகளுக்குப் பூச்சு போடுகிறவள், அவன் சூளையில் நிற்கிறவன். அஞ்சு வருஷப் பழக்கம், ஈ காக்காய்க்குத் தெரியாது. "எங்கம்மா சரின்னு சொல்றவரைக்கும் மூச்சு விடாத" என்று அவன் சொல்லியிருந்தான், அவளும் விடவில்லை.

ஈஸ்டர் கழியட்டும் என்றான், கழிந்தது. தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றான், அதுவும் முடிந்தது. போன மாதம் வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை இவனை நம்பித்தான் வேண்டாமென்று சொல்லி, அம்மாவிடம் பளாரென்று ஒரு அறை வாங்கினாள். இன்னொரு வரனைத் தட்டிக்கழிக்க அவளுக்குத் தெம்பில்லை.

நல்லவேளை, இப்போதுதான் அவனுக்குப் பிரியம் பொங்கி வழிகிறது. போன ஞாயிறு புதுச்சேரி பீச்சு, அதற்கு முந்தின ஞாயிறு நெய்வேலி. இன்றைக்கோ விடிவதற்குள் பைக்கை எடுத்துவிட்டான்.

"என்கூட ரூம்ல இருக்கற வேல்விழி ஒருநாள் தவறாம பழமலைநாதர் கோயிலுக்குப் போயிட்டு வரா. நான்தான் நம்ம கோயில் பூசைய விட்டுட்டு ஊர் சுத்துறேன். மாதா கண்ணைக் குத்தப் போவுது" என்றாள் ஆக்னஸ்.

"அதெல்லாம் குத்தாது. வெயிலுக்கு முன்ன வந்தாத்தான் படகு கெடைக்கும்."

சுரபுன்னை மரங்களுக்கு நடுவே படகு நுழைந்தது. ஆக்னஸுக்குக் குஷி பிறந்துவிட்டது.

"துடுப்பு போடத் தெரியும்னு பீத்துனீங்களே, போடுங்க பாப்போம்!"

"போனைக் குடுத்துட்டுப் புடிங்க சார்" என்றார் படகுக்காரர். "போன வாரம் ஒருத்தரு போனு சேத்துல போயிடுச்சு."

நொடிக்கொரு தரம் அதில் மணி பார்த்துக்கொண்டிருந்த லாரன்ஸ், அரை மனசாகப் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆக்னஸ் கழுத்தில் மாட்டினான். பத்து இழுப்புக்குள் அவனுக்கு மேல்மூச்சு வாங்கியது.

இதுதான் சமயம் என்று ஆக்னஸ் கேட்டாள். "ஏங்க, நம்ம கல்யாண ஓலை எப்ப?"

"அம்மா மனசு எளகிக்கிட்டு வருது. கூடிய சீக்கிரம்."

அவளுக்கு வாயெல்லாம் பல். "மூணு ஞாயிறு பூசையில சாமியார் நம்ம ரெண்டு பேர் பேரையும் சொல்லி ஓலை வாசிப்பாரு. இந்தக் கல்யாணத்துக்கு எதுனா தடை தெரிஞ்சா வந்து சொல்லுங்கம்பாரு. அப்ப எந்தச் சிறுக்கியாவது, 'என்னைத்தான் கட்டிக்கிறேன்னாரு சாமி'ன்னு வந்து நிக்கட்டும், அங்கயே அவ முடியப் புடிச்சி ஆஞ்சிடறேன்!"

படகுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். லாரன்ஸ் சிரிக்கவில்லை. துடுப்பு போடுகிற மும்முரம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. கவருக்குள் 'அம்மா' என்று தெரிந்தது.

"எடுக்காத!"

துடுப்பை அப்படியே போட்டுவிட்டு லாரன்ஸ் பாய்ந்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "உக்காருங்க சார், கவுத்துடுவீங்க போல!" என்று படகுக்காரர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"அஞ்சு வருஷம் பயந்தது போதும்ங்க. அத்தைகிட்ட இன்னிக்கு நானே பேசிடறேன்." ஆக்னஸ் கவருக்கு மேலேயே விரலைத் தேய்த்து, ஸ்பீக்கரையும் தட்டினாள்.

அவள் வாயெடுப்பதற்குள் லாரன்ஸின் அம்மா இஞ்ஞாசியம்மாள் முந்திக்கொண்டாள்.

"லாரன்ஸு, இப்பத்தான் பூசை முடிஞ்சுது. உனக்கும் பெண்ணாடம் ஃப்ளோராவுக்கும் மூணாவது ஓலையும் வாசிச்சாச்சுடா! ஒருத்தரும் தடை சொல்லல."

ஆக்னஸ் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடப்பாவி! உன்னை நம்பித்தானேடா அம்மாகிட்ட அந்த அறையை வாங்கினேன்! மூன்று ஞாயிறு ஊரறிய வாசித்திருக்கிறார்கள், என் காதில் மட்டும் எப்படி விழாமல் போச்சு? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்தான்.

போனில் இஞ்ஞாசியம்மாள் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இனிமே ஞாயித்துக்கெழமையில அந்தப் புள்ளைய எங்கயும் கூட்டிக்கிட்டுப் போவ வேணாம், வூட்டுக்கு வா."