பெட்டி சொன்ன பொய்

"மறுபடியும் 'வெற்றி'ன்னுதான் வருது அண்ணி. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"அது பொய் சொல்லுது தம்பி."

தம்பி என்றாலும் கூடப் பிறந்தவன் இல்லை, கணவனின் தம்பி. வீட்டில் அவள் அவனுக்கு அண்ணி. ஆபீஸில், அவன் எழுதும் நிரலில் ஓட்டை எங்கே என்று துருவிப் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குபவள். வீடு, ஆபீஸ் இரண்டு இடத்திலும் அவளிடமிருந்து தப்பிக்க வழியில்லை என்பது கொழுந்தனின் நெடுநாள் குறை.

இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காலை நீட்டினால் எதிர்ச் சுவரில் இடிக்கிற இடம். ஜன்னல் கிடையாது. மின்விசிறியும் நின்றுவிட்டது. சுவரில் மூடி கழற்றிய ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் அண்ணியின் மடியிலிருந்த லேப்டாப்புக்கு வந்தது.

அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதியவன் கொழுந்தன். கரண்ட் போய் வந்தால், பெட்டி தானாக விழித்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர வேண்டும். மதியம் கரண்ட் போனது, உடனே வந்தும்விட்டது. பெட்டி மட்டும் அசையவில்லை.

"மெக்கானிக்குச் சொல்லியாச்சு. அவர் வந்து பார்த்துக்குவார்" என்றான், சட்டைக் காலரைத் தூக்கி உள்ளே ஊதிக்கொண்டே.

"அவர் வந்தா மொத்தத்தையும் அணைச்சுட்டுக் கையாலேயே வேலையை முடிச்சுடுவார். தப்பு எங்க இருந்ததுன்னு அப்புறம் யாருக்கும் தெரியாது. நாளைக்கு இதே பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போகுது. அங்க இது இப்படி நின்னா ஒரு நோயாளியோட உயிரே போயிடும். அதுக்கு நான் விடமாட்டேன்."

அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. "அண்ணன்தான். மறுபடியும் கூப்பிடறார்."

"வர நேரமாகும்னு சொல்லு. டீ போட்டுக் குடிக்கச் சொல்லு."

"ஆபீஸ்ல எல்லா மெஷின்லயும் இந்தச் சோதனை பாஸ் ஆச்சே அண்ணி" என்றான் போனை வைத்துவிட்டு. விட்டுக்கொடுக்க மனமில்லை.

"அந்த மெஷின்ல எல்லாம் நம்ம கட்டளையைப் படிக்கற ஷெல் பெரிசு. நீ எப்படி எழுதினாலும் புரிஞ்சுக்கும். இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது குட்டி ஷெல். எழுதற ஃபங்ஷன் எந்த ஷெல்லுக்குக் கொடுத்தாலும் ஓடணும். அதான் நிஜமான சோதனை."

சோதனைக்காக எழுதிய கட்டளைத் தொகுப்பான ஃபங்ஷனைத் திறந்தாள். அதையும் அவசரத்துக்கு எழுதியவன் கொழுந்தன்தான். கரண்ட் போகுமுன் இருந்த நிலையும் வந்தபின் உள்ள நிலையும் வேறாக இருந்தால் 'தோல்வி' என்று எழுதி நின்றுவிடு. இல்லாவிட்டால் 'வெற்றி' என்று எழுது. அவ்வளவுதான் அதன் வேலை.

"ஒப்பிடற வரியில ஏன் இரட்டை அடைப்புக்குறி போட்டே?"

"எல்லாரும் அப்படித்தானே போடறாங்க."

"குட்டி ஷெல்லுக்கு ஒற்றை அடைப்புதான் தெரியும். இரட்டையைப் பார்த்ததும், இது எனக்குத் தெரியாதேன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிடுது. தாண்டினா அடுத்து என்ன இருக்கு?"

கொழுந்தன் திரையை எட்டிப் பார்த்தான். அடுத்து இருந்தது 'வெற்றி'.

"தெரியாதுன்னு சொன்னா திரையில பிழைன்னு வந்திருக்கணுமே?" என்றான்.

"வர்ற பிழையெல்லாம் குப்பைக்குப் போகட்டும்னு வரிக் கடைசியில எழுதி வெச்சது யாரு?"

அதுவும் அவன்தான். திரை பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று செய்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வியர்வையைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அண்ணி அந்த ஃபங்ஷனை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எந்தக் குட்டி ஷெல்லுக்கும் புரிகிற கட்டளைகள் மட்டும். பிழை வந்தால் திரைக்கே வரட்டும். ஓடவிட்டாள்.

'தோல்வி.'

வேறொரு நாளாக இருந்தால் கொழுந்தன் சண்டைக்கு வந்திருப்பான். இன்று நிம்மதியாக இருந்தது. பெட்டி முதல் முறையாக உண்மை பேசியிருந்தது.

சட்டென்று நிமிர்ந்தான். "லேப்டாப்பைக் கொடுங்க அண்ணி."

பெட்டி விழிக்கும்போது ஓட வேண்டிய தன் நிரலைத் திறந்தான். அதிலும் அதே இரட்டை அடைப்பு. அதிலும் பிழை குப்பைக்கு. பெட்டி ஏன் விழிக்கவில்லை என்று இப்போது புரிந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினான். சோதனையை மறுபடி ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"வெற்றி" என்று வாசித்தாள் அண்ணி.

தரை ஒரு முறை குலுங்கி, மெல்ல மேலே ஏறியது. எதிர்ச் சுவர் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் ஒதுங்கியது. வெளியே கம்பியும் கையுமாக மெக்கானிக் நின்றிருந்தார். அவர் பின்னால் ஆபீஸே திரண்டிருந்தது.

"மதியத்துலேர்ந்து லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்கறீங்க. சீக்கிரம் வெளிய வாங்கம்மா" என்றார் அவர்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. "கீழ போய்க் கரண்ட்டை இன்னொரு தடவை நிறுத்திப் போடுங்கண்ணே. ஒரு தடவை திறந்ததை நம்பி ஆஸ்பத்திரி லிஃப்ட்டுல மாட்ட முடியாது."

ஒரு காலை வெளியே வைத்துவிட்டிருந்த கொழுந்தன், பெருமூச்சோடு அதை உள்ளே இழுத்துக்கொண்டான்.