ஒன்பது ஓட்டு

"ஒன்பதே ஓட்டு, லோரீன். யார் எதுக்குப் போட்டாங்கன்னு அன்னிக்கே ஊருக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா என்னவாம்?"

"தெரிஞ்சா? அப்புறம் வெர்ஜில் முகத்துல எப்படி முழிக்கிறது?"

ஆகஸ்ட் மாதம், சாப்பாட்டு மேசையில் ஆரின் சொன்னது. சொல்லிவிட்டுச் சோளக்கதிரைக் கடித்தான். தன் மனதில் ஓடுவதைக் கணவன் மோப்பம் பிடித்துவிட்டான், இது எச்சரிக்கை என்றுதான் லோரீன் எடுத்துக்கொண்டாள்.

இப்போது நவம்பர். தீயணைப்புக் கொட்டகையின் மடக்கு நாற்காலியில், ஆறிப்போன காப்பியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சுதான் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

டன்லி வளைவு என்ற அந்தச் சிற்றூருக்கு மேயர் கிடையாது, ஊர்ச்சபை கிடையாது. ஆற்றோரம் சில வீடுகள், ஒரு கொட்டகை, அவ்வளவுதான். தேர்தலன்று தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பெட்டியை வைத்தால் அதுவே வாக்குச்சாவடி. எண்ணி முடித்ததும் முடிவைக் கதவில் ஒட்டிவிட வேண்டும் என்பது சட்டம்.

இந்த முறை ஒரே கேள்வி. ஓயாமல் வெள்ளம் வருகிற இந்த வீடுகளையெல்லாம் மாவட்ட நிர்வாகமே விலைக்கு வாங்கிக்கொண்டு ஊரைக் காலி செய்யலாமா? பாதிக்கு மேல் சம்மதித்தால்தான் நடக்கும்.

ஆரினின் அண்ணன் வெர்ஜில் வீடு வீடாகப் போய் "வேண்டாம்னுதான் போடணும்" என்று கைகுலுக்கி வாக்குறுதி வாங்கியிருந்தான். "நகர மாட்டோம்" என்ற பலகைகளைச் சாலை நெடுக அறைந்ததில் ஆரினுக்குத்தான் பெரிய பங்கு. நாள் முழுக்கச் சம்மட்டி பிடித்தவன், வழக்கமாக அக்டோபரில் ஊன்றி அடுத்த கோடையில் பிடுங்கும் பூண்டை மட்டும் இந்த வருஷம் ஊன்றவில்லை. கேட்டதற்கு, முதுகுவலி என்றான்.

லோரீனுக்கு ஒவ்வொரு வசந்தமும் தூக்கம் போய்விடும். ஆற்றின் இரைச்சலைக் கேட்டபடி, எதை முதலில் மாடிக்கு ஏற்றுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடப்பாள். போன ஏப்ரலில் சாலை தண்ணீருக்குள் போனது. வெளியூரில் இருக்கும் மகளின் பிரசவத்தன்று லோரீனால் வாசலைத் தாண்ட முடியவில்லை. அன்றுகூட ஆரினிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் பாட்டன் கட்டிய வீடு. அதை விடச் சொல்வது எப்படி?

காலையில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, "சரி" என்பதற்கு எதிரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினாள். எட்டுக்கு ஒன்று என்று வரும். யார் அந்த ஒன்று என்று வெர்ஜில் ஒவ்வொருவராகக் கேட்பான். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

ஒன்பது பேரும் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டதால் வெளிச்சம் இருக்கும்போதே எண்ணிவிட்டார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் கதவில் தாளை ஒட்டினாள்.

"வேண்டாம், ஏழு. சரி, ரெண்டு."

லோரீன் தலையைத் தூக்கினாள். இரண்டா?

"ஜெயிச்சாச்சு," என்றான் வெர்ஜில். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா ரெண்டு எப்படி வந்துச்சு? இதுல மூளையைக் கசக்க என்ன இருக்கு? ஒரே வீட்டுல ரெண்டு."

எல்லார் கண்ணும் புதிதாகக் குடிவந்த டெவன், கிறிஸ்டா தம்பதி பக்கம் போனது. கிறிஸ்டாவுக்கு இது நிறைமாதம்.

"நாங்க வேண்டாம்னுதான் போட்டோம், வெர்ஜில்," என்றான் டெவன்.

"ஆமாமா, பெட்டிதான் பொய் சொல்லுது. உங்க வீட்டு வழியில பனி தள்ள இனிமே என் டிராக்டர் வராது. பாட்டுப் பாடிக் கரைச்சுக்கோங்க."

"சத்தியமா நாங்க இல்ல," என்றாள் கிறிஸ்டா. அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. "பனியில வழி அடைச்சுட்டா நான் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவேன்?"

"அதை ஓட்டுப் போடும்போது யோசிச்சிருக்கணும்."

லோரீன் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்திருக்கிறோம் என்பதே தெரிந்தது.

"அவங்களை விடு, வெர்ஜில். ஒண்ணு என்னோடது."



"கேட்டியாடா தம்பி?" என்றான் வெர்ஜில், அவளைத் தாண்டிப் பார்த்து. "ஊரெல்லாம் பலகை அடிச்சோம். உன் வீட்டுக்குள்ள ஒண்ணு அடிக்க மறந்துட்டோம்." பிறகு அவளிடம், "இன்னொண்ணு யாரு? உன் கூட்டாளி யாருன்னு சொல்லிடு."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

அவளும் தேடினாள். இன்னொருவர் இருக்கிறார், இந்தக் கூட்டத்தில், தன்னைப் போலவே மூச்சு முட்டிக்கொண்டு. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கணவன் நின்ற பக்கம் மட்டும் திரும்பத் தைரியம் வரவில்லை.

பின்னால் பூட்ஸ் சத்தம் மெல்ல நெருங்கியது. முடிந்தது என்று நினைத்தாள். இத்தனை பேர் முன்னால் வண்டியில் ஏறச் சொல்வான். வீட்டுக்குப் போனபின் ஒரு வார்த்தையும் பேச மாட்டான், அடுத்த வெள்ளம் வரும்வரை.

ஆரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அண்ணனை அவன் பார்க்கவே இல்லை.

"நாம இந்த ஊரை விட்டே போயிடலாமா, லோரீன்?"