மாப்ள கொண்டுவந்த நோய்

"உகாண்டாவுல இருந்து மாப்ள நோயைக் கொண்டாந்துட்டாரு டாக்டர். இனி என் மகளை அங்க அனுப்ப மாட்டேன்," என்றார் பாண்டியம்மாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன் முத்துக்குமரன், மனைவியை அழைத்துப்போகத்தான் ஊருக்கே வந்திருந்தான்.

"உங்களுக்கு எப்ப இருந்து வயித்தால போகுது?" அவனிடம் கேட்டார் டாக்டர் ஜாய்ஸ்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். ஏர்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிட வேன்ல வந்த பதினோரு பேருக்குத்தான்."

டாக்டர் பாண்டியம்மாளிடம் திரும்பினார். "அன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?"

"பிளேன் அஞ்சு மணி நேரம் லேட்டு. விடியக்காலைல நான் ஆக்கின கோழி பிரியாணி வேன்லயே வெயில்ல இருந்துச்சு. மாப்ள வந்ததும் எல்லாரும் அதைத்தான் சாப்ட்டோம்."

"இவர் மட்டும் எப்படித் தப்பிச்சார்?"

முத்துக்குமரன் தலையைச் சொறிந்தான்.

"அத்தை சமையல்னு தெரிஞ்சதும், பிளேன்லயே சாப்ட்டேன்னு பொய் சொல்லிட்டேன் டாக்டர்."