பன்னிரண்டாவது ஆள்

வெள்ளிக்கிழமை தரும் சூடான வாஃபிள் அப்பம் அந்தப் பள்ளிக் கேன்டீனில் ஆறிப்போய் யாரும் பார்த்ததில்லை. அன்று பதினொரு தட்டுகளிலும் ஆறிக்கொண்டிருந்தது. வகுப்பின் மற்ற பதினொரு பேரும் எஸ்கில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மணி பதினொன்றரை ஆச்சு" என்றாள் இங்வில்ட். "பன்னிரண்டுக்குள்ள பதில் சொல்லணும்ல?"

"ம்."

"என்னடா பண்ணப் போறே?" ஸ்வெர்ரே கேட்டான்.

மேசைக்கு அடியில் இங்வில்ட் அவன் காலை மிதித்தாள். "அவன் முடிவுடா அது. நீ ஏன் நோண்டுறே? வாயில வாஃபிளைப் போடு."

"இறங்கலையே."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அடுத்தவன் முடிவில் மூக்கை நுழைப்பது அந்த ஊரில் நாகரிகமில்லை. அந்த முகங்களைப் பார்க்க முடியாமல் எஸ்கில் எழுந்து போனான்.

மாவட்டத்தில் வெல்டிங் சொல்லித்தரும் பள்ளிகள் இரண்டுதான். ஒன்று இது. பத்து இயந்திரங்களில் எட்டு ஓடாது. வாத்தியார் ஃப்ரோடெ அக்டோபரில் முதுகுவலி என்று விடுப்பில் போனவர். பதிலுக்கு வந்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். நான்கு மாதத்தில் பன்னிரண்டு பேருக்கும் தோள் அகன்றிருந்தது. ஒரு குழாயை ஒழுகாமல் ஒட்ட மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு பள்ளி கடலுக்கு அக்கரையில், படகில் முக்கால் மணி நேரம். அங்கே எல்லா இயந்திரமும் ஓடும். ஜனவரியில் அங்கே ஓர் இடம் காலியானது. பன்னிரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள். மதிப்பெண் கூடுதல் என்பதால் எஸ்கில்லுக்குக் கிடைத்தது.

மே மாதம் கப்பல் பட்டறையில் பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள். குழாயை ஒட்டிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் மீன் ஆலையில் பெட்டி அடுக்கலாம். அவன் அப்பா இருபது வருடமாக அடுக்குகிறார்.

பள்ளித் தலைவர் யோருன் கம்பளிக் காலுறையோடு, காலை மடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படிவம் மேசையில் தயாராக இருந்தது. அதில் இரண்டே கட்டங்கள்: போகிறேன், இருக்கிறேன்.

"போறதுன்னா போ, எஸ்கில். அது உன் உரிமை. நான் தடுக்க மாட்டேன்."

"நன்றி, யோருன்." அவன் பேனாவைத் திறந்தான்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. பன்னிரண்டு பேருக்குக் கீழ போனா மாவட்டம் இந்த வகுப்பை மூடிடும். நீதான் பன்னிரண்டாவது ஆள்."

பேனா நின்றது. "மூடிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அதை மாவட்டம் பார்த்துக்கும். என் கையில இல்லை." யோருன் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தார். "நடு வருஷத்துல பதினொரு பிள்ளைங்க. பாவம்தான்."

"நான் இருந்தா மெஷினாவது சரி பண்ணுவீங்களா?"

"கேட்டு எழுதியிருக்கேன்."

"ஃப்ரோடெ எப்ப வருவார்?"

"முதுகுதானே. எப்ப வேணா நேராகும்."

எஸ்கில் படிவத்தைப் பார்த்தபடி இருந்தான். ஆறு வயதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். போன வருடம் அவன் அம்மா இறந்தபோது, பதினொரு பேரும் முறை வைத்து மூன்று வாரம் வீட்டு வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் மணியடிக்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாத்திரங்கள் மட்டும் தினமும் சூடாக இருந்தன.

இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்திட்டான். யோருன் அதை வாங்கி, அங்கேயே ஸ்கேன் செய்து, மாவட்டத்துக்கு அனுப்பியும் விட்டார். அந்தப் பள்ளியில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்து அவன் பார்த்ததில்லை.

கேன்டீனுக்கு அவன் திரும்பியபோது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள்.

"நான் போகல" என்றான் எஸ்கில். "உங்களை விட்டுட்டு எப்படிடா போவேன்? இனி கிளாஸை மூட மாட்டாங்க. எல்லாரும் நிம்மதியா சாப்பிடுங்க."

யாரும் உட்காரவில்லை.

"கையெழுத்து போட்டுட்டியா?" ஸ்வெர்ரே கேட்டான்.

"போட்டாச்சு. அனுப்பியும் ஆச்சு."

இங்வில்ட்டின் கண்கள் கலங்கின. எஸ்கில் அவள் தோளில் தட்டினான். "லூசு, இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? என் இடத்துல நீ இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பே."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "எஸ்கில், கிளாஸை மூடினா எங்க படிப்பு பாதியில நிக்காது. இடம் இல்லாட்டியும் வேற பள்ளியில சேர்த்தே ஆகணும், சட்டம் அப்படி. எங்களை எங்க அனுப்புவாங்கன்னு யோருன்கிட்ட கேட்டியா?"

"மாவட்டம் பார்த்துக்கும்னாங்க. ஏன், எங்க அனுப்புவாங்க?"

"அக்கரைக்குத்தான்டா! நாங்க பெட்டி கட்டி நாலு நாளாச்சு."